ஹீரோ வந்த நேரம், நான் மேடையில்

போன வருஷம் ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. செங்கல்பட்டில் ஒரு சினிமா தியேட்டரில் நடந்தது. நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்குப் பேச்சு வராது. வீட்டுக்கு ஆள் வந்தால் தண்ணீர் கொடுத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவேன். அதனால் இதை இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. எழுதினால் வந்துவிடும் போலிருக்கிறது. படித்தது அஞ்சாங்கிளாஸ்தான், தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு நெம்மேலிப் பக்கம். மகன் கம்பெனி வண்டி ஓட்டுகிறான். மருமகளின் அம்மா, அதாவது என் சம்பந்தி, மாதத்தில் பாதி நாள் எங்களோடுதான் இருப்பாள். இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயசு, ஒரே பைத்தியம். சினிமா.

போனில் படம் பார்ப்பது எங்களுக்குப் பிடிக்காது. ஆள் விரல் அளவு இருக்கிறான். அவன் அழுதால் நமக்கு எப்படி அழுகை வரும்? தியேட்டரில் ஒரு அம்மா அழுதால் அந்தக் கண்ணீர் நம் தலையணை அளவுக்கு உருண்டு வரும். அதுதான் படம். இந்தக் காலத்துப் படங்களில் எனக்குக் குறை நிறைய உண்டு. எல்லா ஹீரோவுக்கும் ஒரே தாடி. கதாநாயகி இரண்டாவது பாட்டோடு எங்கேயோ போய்விடுகிறாள், தேடுவாரில்லை. ரத்தத்தைப் பக்கெட்டில் ஊற்றுகிறார்கள். ஆனாலும் விளக்கு அணையும்போது நெஞ்சு ஒரு குதி குதிக்கிறதே, அதற்காகவே போவேன். இருட்டில் யாரும் என்னைப் பார்க்க மாட்டார்கள் என்பதும் ஒரு காரணம்.

சம்பந்தி எனக்கு நேர் எதிர். படம் முழுக்கப் பேசிக்கொண்டே இருப்பாள். "இவன்தான் கொன்னுகீறான் பாரு", "இவள நம்பாதடா, ஏமாந்துடுவ" என்று திரையில் இருப்பவர்களுக்கே புத்தி சொல்வாள். ஒருமுறை மகாபலிபுரம் போகிற ரோட்டில் ஷூட்டிங் நடக்கிறது என்று கேள்விப்பட்டு, பகல் முழுக்க வெயிலில் நின்றோம். கடைசிவரை நடிகரின் தலைக்கு மேல் பிடித்திருந்த குடையைத்தான் பார்த்தோம். அந்தக் குடைக்காரனிடமும் அவள் போய்ப் பேசிவிட்டு வந்தாள். வெளியே போனால் டிக்கெட் கேட்பது, வழி கேட்பது, சண்டை போடுவது எல்லாம் அவள்தான். நான் பின்னால் நிற்பேன். என் வாயையும் சேர்த்து அவள்தான் வைத்திருந்தாள் என்று சொல்லலாம்.

அவளுக்குச் சர்க்கரை வியாதி. மாதா மாதம் செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுத்து மாத்திரை வாங்கி வர வேண்டும். அன்றும் அதற்குத்தான் கிளம்பினோம். மருமகள் வாசல்வரை வந்து, "நேரா ஆஸ்பத்திரி, நேரா வூடு. வேற எங்கனா போனீங்கன்னு தெரிஞ்சுது, அவ்ளோதான்" என்றாள். இரண்டு பேரும் தலையாட்டினோம். ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது ஒரு குடும்பப் படம் பார்த்துவிட்டு வருவது என்று முந்தின நாளே பேசி வைத்திருந்தோம்.

வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்தாள். உடனே மாத்திரையைப் போட்டாள். போட்டதும் சாப்பிட வேண்டும், அது எனக்கும் தெரியும். இட்லி பார்சல் வாங்கினோம். ஆனால், "படம் போட்டுடுவாங்க சம்மந்தி, உள்ள குந்திக்கினு துன்னுக்கலாம்" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். நானும் போனேன்.

வெள்ளிக்கிழமை படம் மாறும் என்பது இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை. நாங்கள் பார்க்க நினைத்த படத்தை முந்தின நாளோடு தூக்கிவிட்டார்கள். தியேட்டர் வாசலில் பெரிய ஹீரோ ஒருவரின் புதுப்படம். மேளம், பட்டாசு, கட்அவுட்டின் மேல் ஏறிப் பால் ஊற்றுகிறார்கள். எனக்குத் திரும்பிவிட வேண்டும் போலிருந்தது. அங்கே நாற்பது வயசைத் தாண்டிய ஒரு ஆள், தொப்பை மேல் ஹீரோ படம் போட்ட பனியன், தாடியில் பாதி நரை. கையில் லட்டு நிறைந்த ஒரு பேசின். ரசிகர் மன்றத் தலைவராம்.

"யம்மா, இங்க எங்க வந்தீங்க? கும்பல்ல நசுங்கிடுவீங்க" என்றார்.

சம்பந்தி விடுவாளா? "இன்னாய்யா இப்டி கேட்டுட்ட! உங்க ஆளு மொத படத்துலருந்து நான் ஃபேனு. அப்ப நீ டவுசர் போட்டுக்கினு இருந்துருப்ப."

அவர் சிரித்துவிட்டார். அவரே இரண்டு டிக்கெட் வாங்கித் தந்தார். லட்டை மட்டும் இடைவேளையில்தான் தருவேன் என்றார். "சக்கர வியாதிக்காரி கிட்ட லட்ட காட்டி வெறுப்பேத்தறியா, போய்யா" என்று சொல்லிவிட்டு இவள் உள்ளே நடந்தாள்.

கதவில் நின்றவர், வெளிச் சாப்பாடு உள்ளே கூடாது என்று இட்லிப் பொட்டலத்தை வாங்கி மேசைக்கடியில் வைத்துவிட்டார். பின்னாலிருந்து கூட்டம் தள்ளியது. நின்று சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று நான் சொன்னது யார் காதிலும் விழவில்லை. சொன்னேனா, நினைத்துக்கொண்டேனா என்பதுகூட இப்போது சந்தேகமாக இருக்கிறது.

மேடைக்குப் பக்கத்து வரிசையில் இடம். படம் போடுகிற வழியைக் காணோம். பாட்டுப் போடுகிறார்கள், ஆடுகிறார்கள், சூடம் கொளுத்துகிறார்கள். என்னால் உட்கார முடியவில்லை. முந்தானையை முறுக்குவதும் பிரிப்பதுமாக இருந்தேன். பசிக்கிறதா, பசிக்கிறதா என்று அவளைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். "சொம்மா இரு சம்மந்தி, பேஜார் பண்ணாத" என்றாள். மருமகள் முகம் வேறு கண்ணுக்குள் வந்து வந்து போனது.

ஒருவழியாகப் படம் ஆரம்பித்தது. ஏ.சி. குளிரில் நான் போர்த்திக்கொண்டிருக்கிறேன், இவள் "இன்னா இவ்ளோ புழுக்கமா கீது" என்று கழுத்தைத் துடைத்தாள். அப்புறம் வில்லன் வந்தான். ஒரு குழந்தையை மிரட்டினான். இவள் திட்டவில்லை. அவனுடைய ஆள் ஒருவன் காட்டிக்கொடுப்பவன் மாதிரி முழித்தான். இவள் ஒன்றுமே சொல்லவில்லை. அத்தனை வருஷத்தில் அவள் பேசாமல் பார்த்த காட்சி என்று ஒன்று கிடையாது.

கையைத் தொட்டேன். ஜில்லென்று, நனைந்து கிடந்தது. "சம்மந்தி" என்று உலுக்கினேன். மெதுவாகத் திரும்பி, என்னை யாரோ மாதிரி பார்த்து, "பஸ்ஸு வந்துடுச்சா?" என்றாள்.

சர்க்கரை இறங்கிவிட்டது என்று புரிந்தது. வாயில் இனிப்புப் போட வேண்டும், அதுவும் உடனே. என்னிடம் ஒன்றும் இல்லை. பக்கத்தில் இருந்த பையன், ஹீரோ வரப்போகிறார் என்று சீட்டின் மேல் ஏறி விசில் அடித்துக்கொண்டிருந்தான். அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். திரை தெரியவில்லை என்று இழுக்கிறேன் என்று நினைத்து நகர்ந்து நின்று, "இப்ப தெரியுதா பாட்டி?" என்றான். நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை. காகிதத் துண்டுகள் மழை மாதிரி கொட்டின. கதவுப் பக்கம் போகிற வழியெல்லாம் ஆடுகிற கூட்டம், ஒரு ஆள் நுழைய முடியாது. வெறிச்சென்று இருந்த ஒரே இடம் திரைக்கு முன்னால் இருந்த மேடை.

நான் ஏறினேன். கல்யாண வீட்டில் போட்டோ எடுக்கக் கூப்பிட்டாலே ஒளிந்துகொள்கிறவள் நான்.

சரியாக அந்த நேரத்தில்தான் ஹீரோ வந்தார்.

தியேட்டரே இடிந்து விழுகிற மாதிரி சத்தம். வெளிச்சம் என் முதுகிலும் முகத்திலும் அடித்தது. என் நிழல் ஹீரோவின் கால் மேல் விழுந்தது. நான் இரண்டு கையையும் தூக்கி ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டேன். "பாட்டி ஆட வந்துடுச்சுடா!" என்று எவனோ கத்தினான். அவ்வளவுதான். நான் கை ஆட்டினால் அத்தனை பேரும் கை ஆட்டினார்கள். நான் சம்பந்தி இருந்த பக்கம் கையைக் காட்டினால் அவர்களும் அந்தப் பக்கம் காட்டி ஆடினார்கள். கையெடுத்துக் கும்பிட்டேன், திரையில் இருப்பவரைக் கும்பிடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு இன்னும் விசில். ஆளாளுக்குப் போனில் விளக்கைப் போட்டு என்னைப் படம் எடுத்தார்கள். சிலர் மேடையில் ஏறி என்னைச் சுற்றி ஆட ஆரம்பித்தார்கள். இவ்வளவு பேர் என்னைப் பார்க்கிறார்கள், ஒருத்தருக்கும் நான் தெரியவில்லையே என்று அழுகை பொங்கியது.

ஆடியவர்களில் அந்த மன்றத் தலைவரும் ஒருவர். குதித்துக்கொண்டே என் எதிரில் வந்தவர் என் முகத்தைப் பார்த்தார். குதிப்பது நின்றது. குனிந்து என் வாய்க்குப் பக்கத்தில் காதைக் கொண்டுவந்தார்.

"சக்கர. சம்மந்தி." அதற்கு மேல் எனக்கு வரவில்லை. அது போதுமாக இருந்தது.

அவர் திரும்பி இரண்டு கையையும் குறுக்கே வீசி, "டேய், படத்த நிறுத்து! நிறுத்துடா!" என்று ஒரு சத்தம் போட்டார். முன்வரிசை அடங்கியது, அப்புறம் பின்வரிசை. ஹீரோ முகம் பாதியில் நின்றது. பிறகு அவர் கை காட்டிய பக்கம் அத்தனை போன் விளக்கும் திரும்பியது. ஹீரோவுக்காகப் பிடித்திருந்த வெளிச்சம் முழுக்க என் சம்பந்தியின் முகத்தில் விழுந்தது. தலை சாய்ந்து, வாய் மட்டும் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

யாரோ ஒரு பாட்டில் கலர் சோடா நீட்டினார்கள். "படுக்க வெச்சு ஊத்தாதீங்கடா, பொறை ஏறிடும். எங்கம்மாவுக்கும் இப்டித்தான் வரும்" என்று சொல்லிக்கொண்டே மன்றத் தலைவர் அவளை நிமிர்த்தித் தன் தோளில் சாய்த்து, "முழுங்குமா... இன்னும் கொஞ்சம்" என்று கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தார். ஒவ்வொரு மடக்குக்கும் கூட்டம் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. நான் அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பிழைத்துவிடு, உன் மகளிடம் நான் என்ன சொல்வேன் என்பதுதான் மனசுக்குள் ஓடியது.

கொஞ்ச நேரத்தில் கண் தெளிந்தது. ஒரு லட்டை உதிர்த்துக் கொடுத்தார்கள். தின்றுகொண்டே சுற்றிலும் பார்த்தவள், "இன்னாய்யா, இன்டர்வெல் உட்டாச்சா?" என்றாள். தியேட்டர் முழுக்கச் சிரிப்பு. என்னால்தான் சிரிக்க முடியவில்லை.

தாங்கிப் பிடித்து வெளியே கொண்டுவந்தார்கள். கதவுக்காரர் தானே இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார், முகத்தை நிமிர்த்தாமல். ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும் என்று மன்றத் தலைவர் ஆட்டோ பிடித்து, தானும் கூட ஏறினார். "படம் போய்டும்பா உனுக்கு" என்றாள் சம்பந்தி. "நாளைக்கும் இதே படம்தான்மா ஓடும்" என்றார் அவர். ஆட்டோ கிளம்பும்போது உள்ளே "ஒன்ஸ் மோர்" என்று கூச்சல் கேட்டது. ஹீரோ வருவதை முதலிலிருந்து மறுபடி போட்டார்கள் போலிருக்கிறது. டாக்டரம்மா பார்த்து, திட்டி, வீட்டுக்கு அனுப்பும்வரை அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பெயர் கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை.

வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் மருமகள் போனை எடுத்துக்கொண்டு சிரித்தபடியே வந்தாள். "அத்தே, இது நீங்களா? இன்னா குத்து குத்துறீங்க!" போனில் நான் மேடையில் கை ஆட்டிக்கொண்டிருந்தேன். யாரோ குத்துப் பாட்டு வேறு சேர்த்திருந்தார்கள். ஊரே பார்த்துச் சிரித்திருக்கிறது. மருமகள் மறுபடி பார்த்தாள். விரலால் என் முகத்தைப் பெரிசாக்கினாள். சிரிப்பு போய்விட்டது. "அம்மாவுக்கு இன்னா ஆச்சு?" என்று கேட்டாள்.

அடுத்த மாதம் ஆஸ்பத்திரிக்குத் தன் அம்மாவை மருமகளே கூட்டிக்கொண்டு போனாள். நியாயம்தான். இப்போது சம்பந்தியின் பையில் எப்போதும் மிட்டாய் இருக்கும், என் பையிலும் இருக்கும். சொல்லிவிட்டுத்தான் சினிமாவுக்குப் போகிறோம், சாப்பிட்டுவிட்டுத்தான் போகிறோம். அன்றைக்கு ஹீரோ எப்படி வந்தார் என்று அவள் இன்னும் என்னைக் கேட்கிறாள். எனக்கு எப்படித் தெரியும், நான் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டல்லவா நின்றேன்.

ஆனால் அன்றிலிருந்து ஒரு பதைப்பு என்னோடு ஒட்டிக்கொண்டது. படம் பார்க்கும்போது பக்கத்தில் அவள் ஒரு நிமிஷம் பேசாவிட்டாலும் கையைத் தொட்டுப் பார்க்கிறேன். திருவிழாவிலோ பஸ் ஸ்டாண்டிலோ யாராவது கையைத் தூக்கி ஆட்டினால், ஆடுகிறார்களா, கூப்பிடுகிறார்களா என்று கிட்டே போய் முகத்தைப் பார்க்காமல் என்னால் தாண்டிப் போக முடிவதில்லை.