பள்ளத்தின் இரு கரையிலும் பெருநாள்

வெந்தயமும் பூண்டும் குழைந்து வேகும் நோன்புக் கஞ்சியின் வாசனையை, மேற்கே கணவாயிலிருந்து வீசும் காற்று எங்கள் அடுப்படியிலிருந்து தூக்கிக்கொண்டுபோய், கிழக்கே மாமி வீட்டுக் கஞ்சி வாசனையோடு கலந்துவிடும்.

கேரள எல்லையோரத்து எருத்தேன்பதிக்கும் கிழக்கே, நிலக்கடலைக் காடும் தென்னந்தோப்புமாகக் கிடக்கும் எங்கள் சிற்றூரின் நடுவே ஓடுவதை ஆறு என்றும் சொல்ல முடியாது, வாய்க்கால் என்றும் சொல்ல முடியாது. மழை பெய்தால் முழங்கால் தண்ணீர், மற்ற நாளில் வெறும் மணல். அதை நாங்கள் 'பள்ளம்' என்போம். கொச்சி ராஜா காலத்திலேயே அதுதான் எல்லையாம். மாட்டு வியாபாரத்துக்காகக் கிழக்கேயிருந்து வந்த எங்கள் முன்னோர் எல்லை பார்த்துக் குடியேறவில்லை. கிணற்றில் தண்ணீர் கண்ட இடத்தில் வீடு கட்டினார்கள். அதனால் என் தகப்பனாரான அத்தாவின் வீடு கேரளத்திலும், நாங்கள் மாமி என்று கூப்பிடும் அத்தாவுடைய அக்காவின் வீடு கூப்பிடு தூரத்தில் தமிழ்நாட்டிலும் அமைந்துவிட்டன. இந்தக் கரைப் பள்ளியில் தொழவைப்பவர் 'உஸ்தாது', அந்தக் கரையில் 'அசரத்து'. மற்றபடி பேச்சும் சோறும் ஒன்றுதான்.

பிறைதான் சில வருடங்களில் ஒத்து வராது. மேற்கே கடற்கரையில் பிறை கண்டுவிட்டால் எங்களுக்கு மறுநாள் பெருநாள். அந்தப் பக்கம் சாட்சி கிடைக்காவிட்டால் அவர்களுக்கு முப்பதாவது நோன்பு. இரண்டும் மார்க்கத்துக்கு உட்பட்டவைதாம். அவரவர் ஊர்ப் பிறைக்கு அவரவர் கட்டுப்பட்டவர்.

எனக்கு ஒன்பது வயதான வருடம் அப்படி ஆயிற்று. என் அக்காவை மாமி மகனுக்குப் பேசி, பெருநாளன்று மாமி வந்து பூ வைப்பதென்று முடிவாகியிருந்த வருடமும் அதுவே. நான் முதன்முதலாக ஒரு நோன்பும் விடாமல் வைத்திருந்தேன். பிறைச் செய்தி வந்த மாலையில், மாமியின் கடைசி மகள் எதிர்க்கரையில் நின்று, "உங்களுக்கு இருபத்தொம்பதோட சரி, எங்களுக்கு முப்பதாக்கும்" என்று பழிப்புக் காட்டினாள்.

எங்கள் பெருநாளை அவளுக்குக் காட்டிவிட வேண்டும் என்ற அந்த ரோசத்தில்தான் தப்புச் செய்தேன். மறுநாள் பெருநாள் தொழுகை முடிந்து, உச்சிப்பொழுதில் அம்மா பிரியாணி அண்டாவைத் திறந்து முதல் தூக்குப் போசியை நிரப்பியதும், ஒவ்வொரு பெருநாளும் முதல் சோறு மாமி வீட்டுக்குத்தானே போகும் என்று யாரிடமும் கேட்காமல் எடுத்துக்கொண்டு, புதுப் பாவாடை மணலில் புரளப் பள்ளத்தைத் தாண்டி ஓடினேன். மாமி தொழுதுகொண்டிருந்தார். மாமா போசியைத் திறந்து பார்த்து, அப்படியே மூடினார்.

"நோம்பாளி ஊட்டு நடையில உச்சிப்பொழுதுக்குச் சோத்தக் கொண்டாந்து வெக்கறாங்கன்னா, எங்க நோம்பு நோம்பே இல்லைங்கறாங்களா? பொறை ஒத்து வராத ஊட்டுல பொண்ணெடுக்கறதுக்கு இன்னும் யோசிக்கோணும்னு உங்கத்தாகிட்டச் சொல்லு கண்ணு."

சொன்னேன். அத்தாவுக்கு மூக்கு சிவந்துவிட்டது. நமக்குப் பெருநாளாகிவிட்ட பிறகு நாம் நோன்பு வைப்பது ஹராம் என்று தெரியாதவரா மச்சான் என்று அத்தாவும் குதித்தார். அக்கா மருதாணிக் கையால் கழுவிய ஏனங்களையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள். பிரியாணியில் யாரும் கைவைக்கவில்லை. அம்மாதான் அவளைப் பார்த்துவிட்டு அண்டாவின் மூடியை அமுக்கினார்.

"பொழுதெறங்கி மக்ரிபுக்குப் பாங்கு சொன்னா அவுங்களுக்குப் பெருநாள் பொறந்துரும், நமக்கு அப்பத்தான் முடியுது. சோத்தப் பொழுதோட கொண்டுபோனா ஆருக்குங்க தப்பு?"

அத்தா அசர் தொழப் போனார். திரும்பி வந்தவர் அண்டாவின் ஒரு காதைப் பிடித்துத் தூக்கினார். மறுகாதை அம்மா பிடித்தார்.

பொழுது சாய நாங்கள் மாமி வீட்டு வாசலில் நின்றோம். மாமா எழுந்திருக்கவில்லை. அந்தக் கரைப் பள்ளியில் பாங்கு கேட்டதும் அத்தா தம் கையாலேயே ஒரு பேரீச்சம்பழத்தை நீட்டினார். மாமா பழத்தைப் பார்த்தார், அத்தாவைப் பார்த்தார்.

"உங்க பெருநாளு முடிஞ்சுதா மாப்ளே?"

"முடிஞ்சுதுங்க மச்சான். உங்களுது இப்பத்தான் பொறக்குது. ரெண்டுக்கும் நடுவால வந்து நிக்கறேன்."

நோன்பு திறக்க நேரம் தப்பக்கூடாது என்று முணுமுணுத்தபடி மாமா வாங்கிக்கொண்டார். இவ்வளவு நேரம் மூடி வைத்தால் சோறு குழைந்திருக்குமே என்றார் மாமி. "கொழஞ்சாலும் சம்மந்தி ஊட்டுச் சோறுங்கக்கா" என்றார் அத்தா. தொழுதுவிட்டு, மல்லிகையோடு மாமி பள்ளத்தைத் தாண்டி வந்து வீட்டிலிருந்த அக்கா தலையில் வைத்தார். போசியை யாரும் அனுப்பவில்லை, நானாகத்தான் எடுத்துப் போனேன் என்று அதன் பிறகே மாமாவிடம் சொன்னேன். அவர் என் காதைத் திருகி, தம் தட்டிலிருந்த கறித்துண்டை என் வாயில் போட்டார்.

அக்கா அந்தக் கரைக்குப் போய் வருடங்கள் ஆகிவிட்டன. பிறை பிரிகிற வருடங்களில் இன்றும் எங்கள் வீட்டு அண்டா மக்ரிபுக்குத்தான் திறக்கிறது. அல்ஹம்துலில்லாஹ், ஒரு வருடமும் அதில் பிசகில்லை. பள்ளத்து மணல் போய்விட்டது. சிமெண்டுப் பாலத்தில் பொள்ளாச்சி பஸ் ஓடுகிறது. பிறைச் செய்தியைச் செல்போன் சொல்லிவிடுவதால் கரையில் கூடி வானம் பார்ப்பாரும் இல்லை. அத்தாவும் மாமாவும் இல்லை. அந்தக் கரைப் பள்ளிக்கு மையவாடி கிடையாது என்பதால் மாமாவை இந்தப் பக்கம் கொண்டுவந்து, அத்தாவுக்கு அடுத்த குழியில் அடக்கியிருக்கிறது. பிறை பிரிந்தால், என் மகன் இரண்டு பெருநாள் காலையிலும் போய் இரண்டு பேருக்கும் ஸலாம் சொல்லிவிட்டு வருகிறான்.