மேல்வீட்டுப் பிள்ளையின் காய்ச்சல்

லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் எங்கள் பிளாட்டுக்கு மேலே, கானாவிலிருந்து வந்த ஒருத்தியும் அவளது நான்கு வயது மகளும் இருக்கிறார்கள். போன கோடை விடுமுறைக்கு அவர்கள் ஊருக்குப் புறப்பட்டபோது, பிள்ளைக்கு மலேரியா மாத்திரை வாங்கினாயா என்று கேட்டேன்.

"அவளுக்குத் தடுப்பூசி போட்டாயிற்று. இனிப் பயமில்லை," என்று சிரித்தாள். கைக்குழந்தையாக இருந்தபோது மூன்று ஊசி போட்டிருந்தார்கள். நான்காவதற்கு முன் லண்டன் வந்துவிட்டார்கள்.

அந்த ஊசியை நினைத்து மனதுக்குள் கும்பிட்டேன். இலங்கைப் போரில் இடம்பெயர்ந்து வன்னியில் தறப்பாள் கூடாரத்துக்குக் கீழே இருந்த காலத்தில், என் தங்கை மலேரியாவில் போனாள். ஐந்து வயது. கொளுத்தும் மத்தியானத்தில் குளிருது என்றாள். அம்மா தன் சேலைகளையெல்லாம் அவள்மேல் போட்டும் நடுக்கம் நிற்கவில்லை. பஸ் ஜன்னல் கடகடவென்று அதிரும்போது இப்போதும் எனக்கு அவளுடைய பற்களின் சத்தம்தான் கேட்கும்.

ஊரிலிருந்து திரும்பிய மறுவாரம், மேல்வீட்டுக்காரி பரசிட்டமோல் கேட்டு வந்தாள். பிள்ளைக்குக் காய்ச்சல், நர்சரியில் தொற்றியிருக்கும் என்றாள். என்னோடு இருக்கும் அம்மா, குசினியில் சமையலை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்.

"பிள்ளைக்குக் குளிருதாமோ?"

கேட்டுச் சொன்னேன். "ஓம் அம்மா, நடுங்குதாம்."

"அப்ப வீட்டில வச்சிருக்கேலாது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ. ரத்தம் எடுத்துப் பாக்கச் சொல்லு."

தாயும் பிள்ளையும் நானும் டாக்சியில் போனோம். போனவுடனேயே, பிள்ளை கானாவுக்குப் போய் வந்ததைச் சொன்னேன். ரத்தத்தில் மலேரியா இருந்தது.

"ஊசி போட்டதே!" என்று தாய் கத்திவிட்டாள்.

டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்தார். "முதல் மாதங்களில் அது நன்றாகக் காக்கும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். அதனால்தான் நான்காவது ஊசி. அதையும் போட்டாலும் முழுக்கத் தடுக்காது, கொசுவலையும் மாத்திரையும் வேண்டும்."

"அந்தக் காப்பு எப்போது விட்டுப்போனது?" என்று தாய் கேட்டாள்.

"அப்படி ஒரு நாளைச் சொல்ல முடியாது," என்றார்.

அவள் பிள்ளையின் போர்வையை இழுத்துவிட்டாள். பிள்ளை அவளுடைய விரலைப் பிடித்தபடி தூங்கிக்கொண்டிருந்தது.

நேரத்தோடு மருந்து ஏறியதால் பிள்ளை பிழைத்தது. சில நாட்களில் வீட்டுக்கு வந்து, பழையபடி எங்கள் தலைக்குமேலே ஓடத் தொடங்கியது. ஓட்டம் நின்றால் அம்மாவின் கை வேலையும் நின்றுவிடும். கூரையையே பார்ப்பார்.

"சத்தத்தைக் காணேல்லை. ஒருக்காப் போய்ப் பாரன்."

நான் படியேறிப் போவேன்.