படகு கிடைத்த குழி

அந்த நாட்டுக் கொடியின் நடுவில் ஒரு படகு இருக்கிறது. மூன்று பேர் துடுப்புப் போடும் சின்னப் படகு. தபால்தலையில், பேருந்தின் பக்கவாட்டில், பள்ளிப் பிள்ளைகளின் சட்டைப்பையில், தீப்பெட்டியின் மேல் என்று எங்கே திரும்பினாலும் அதுதான். அதைப் பார்த்து நாடே நெஞ்சை நிமிர்த்தும். ஒரே ஒருத்தி மட்டும் தீப்பெட்டி வாங்கியதும் மேல்தாளை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்ற வைப்பாள்.

ஊரில் அவளைச் சல்லடைக்காரி என்பார்கள். பெயர் வந்த கதை அந்நியர் ஆட்சியின் கடைசிக் காலத்தில் தொடங்குகிறது. 'இந்த மண்ணுக்கு வரலாறே கிடையாது, எழுத்தும் கப்பலும் நாங்கள் கொண்டு வந்தவை' என்று அவர்களுடைய பாடப்புத்தகம் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தது. அதைக் கேட்டுக் கேட்டுப் பொறுக்கமாட்டாத உள்ளூர்ப் பேராசிரியர் ஒருவர், அலையாய் அலைந்து அனுமதி வாங்கி, செங்கல் சூளைகளுக்குப் பின்னால் இருந்த மேட்டில் குழி தோண்ட ஆரம்பித்தார். சல்லடைக்காரியின் கணவர்தான் அங்கே மேஸ்திரி. வெட்டிய மண்ணைச் சலித்து ஓடு வேறு, மணி வேறு, எலும்பு வேறு என்று பிரிப்பது அவள் வேலை. குழிக்குள் இறங்கித் தூரிகையும் கரண்டியுமாக மண்ணைத் தள்ளி எடுப்பது மகள் வேலை.

கல்யாணமாகி நெடுநாள் கழித்துப் பிறந்த ஒரே மகள். அவளுக்கு வாய் ஓயாது. உடைந்த பானை ஓடு ஒன்று கைக்கு வந்தால் அதனோடும் பேசுவாள்.

"அப்பா, இத்தனை பானை உடைஞ்சிருக்கே, அந்தக் காலத்துலயும் மாமியார் மருமக சண்டைதான் போல!"

மேஸ்திரி முறைப்பார். ஆனால் திரும்பிக்கொண்டு சிரிப்பார். பேராசிரியரே ஒருமுறை வாய்விட்டுச் சிரித்துவிட்டு, "இதை அறிக்கையில எழுதினா என்னை வேலையை விட்டுத் தூக்கிடுவாங்கம்மா" என்றார்.

மழை கொட்டி ஓய்ந்து வெயில் வந்த ஒரு காலையில் வேலை மறுபடி தொடங்கியது. சல்லடைக்காரி முதல் கூடையைச் சலித்துக்கொண்டிருந்தாள். மூட்டையைத் தரையில் போட்டதுபோல் ஒரு சத்தம். அவ்வளவுதான். திரும்பிப் பார்த்தபோது குழியின் ஒரு பக்கச் சுவரே இல்லை.

மேஸ்திரி குதித்தார். எல்லோரும் குதித்தார்கள். மண்வெட்டி பட்டுவிடுமோ என்று கையாலேயே வாரினார்கள். நகம் பிய்ந்து ரத்தம் வந்தது யாருக்கும் தெரியவில்லை. சல்லடைக்காரியின் கையில் முதலில் பட்டது மகளின் பாதம். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "இங்க இருக்கா! இங்க இருக்கா!" என்று கத்தினாள்.

அப்போது மேலேயிருந்து பேராசிரியரின் குரல் வந்தது. "மெதுவா, மெதுவா! உடைஞ்சிடப் போகுது!"

வாரிக்கொண்டிருந்த கைகள் எல்லாம் சட்டென்று நின்றன. ஒரு மூச்சு விடும் நேரம் இருக்குமோ என்னவோ. பிறகு மறுபடி வாரினார்கள். மகளை வெளியே எடுத்தபோது உயிர் இல்லை. அவள் தோளருகே மண்ணோடு மண்ணாக, இரண்டு உள்ளங்கை அகலத்தில் சுட்ட களிமண் பலகை ஒன்று கிடந்தது. அதில்தான் அந்தப் படகும், அதன் கீழே ஒரு வரி எழுத்தும்.

"மண்ணு விழுந்த உடனே உயிர் போயிடுச்சும்மா. நீங்க என்ன செஞ்சிருந்தாலும் காப்பாத்தியிருக்க முடியாது" என்றார் மருத்துவர். சல்லடைக்காரி தலையாட்டினாள். ஆனால் கைகள் நின்ற அந்த ஒரு நொடி அவளுக்குள்ளேயே தங்கிவிட்டது. உடைந்துவிடும் என்று யாராவது ஒரு பெண்ணைப் பார்த்துச் சொல்வார்களா?

பலகையின் வயதைக் கணக்கிட்டபோது ஆட்சியாளர்களின் பாடப்புத்தகம் பொய்யாகிப் போனது. அவர்கள் நாட்டில் கப்பல் என்ற சொல்லே பிறக்காத காலத்தில் இங்கே படகு ஓடியிருக்கிறது, எழுத்து இருந்திருக்கிறது. ஊரெங்கும் சுவர்களில் கரியால் படகு வரைந்தார்கள். போலீஸ் அழித்தது. அழித்த ஈரம் காய்வதற்குள் மறுபடி வரைந்தார்கள். வரைந்தவர்களைப் பிடித்து உள்ளே தள்ளியபோது சிறைச் சுவரிலும் படகு வந்தது. ஆட்சி போனது. கொடி ஏறியது.

மேஸ்திரி ஒரு கொடி வாங்கி வந்து கூடத்துச் சுவரில் மாட்டினார்.

"கழட்டுங்க" என்றாள் அவள்.

"நம்ம பொண்ணு உயிரைக் குடுத்து எடுத்ததுடி இது."

"அவ எங்க எடுத்தா? அவளை எடுக்கும்போது அது வந்துச்சு."

அவர் கழற்றவில்லை. அவள் கூடத்தில் படுப்பதை விட்டுவிட்டுச் சமையலறையில் பாயைப் போட்டாள். ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம் மாதிரி வருஷங்கள் போயின. சுதந்திர நாளில் அவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கொடியேற்றத்துக்குப் போவார். அவள் கதவைச் சாத்திக்கொள்வாள். சோறு போட்டாள், துணி துவைத்தாள், காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்தாள். பேச்சு மட்டும் தேவைக்கு மேல் இல்லை.

குழித்தூசி நெஞ்சில் தங்கி மேஸ்திரி படுத்த படுக்கையானார். இருமல் சற்று ஓய்ந்த ஒரு மத்தியானம் அவளைக் கூப்பிட்டார்.

"நான் ஏன் அதை மாட்டி வச்சிருக்கேன்னு நீ ஒருநாளும் கேட்டதில்ல."

அவள் அவர் முதுகுக்குத் தலையணையை முட்டுக் கொடுத்தாள்.

"அந்தப் படகு இல்லேன்னா, ஈர மண்ணு சரிஞ்சு செத்தான்னு ஆயிடும்டி. குழிச் சுவரைப் பாத்துக்க வேண்டிய மேஸ்திரி நானு. வெறும் மண்ணுக்காக எம்பொண்ணு போயிட்டான்னு எப்படி நெனப்பேன்?"

இத்தனை வருஷம் அவரை ஊர்ப் பெருமைக்கு மயங்கிய மனுஷன் என்றே நினைத்திருந்தாள்.

அவர் மெல்லக் கேட்டார். "பேராசிரியர் ஐயா எழுதின புத்தகத்துல 'ஒரு விபத்தின்போது'ன்னு மட்டும்தான் இருக்காம். நம்ம பொண்ணைப் பத்தி ஒரு வார்த்தையாவது மனசுல வச்சிருக்காரான்னு கேட்டுட்டு வர்றியா?"

அவள் போனாள். அவருக்காகப் பாதி, தனக்காகப் பாதி. மாடி வீட்டில் ஜன்னலோரம் பேராசிரியர் உட்கார்ந்திருந்தார். பார்வை மங்கியிருந்தாலும் யாரென்று சொன்னதும் எழுந்து நிற்கப் பார்த்தார். அவள் சுற்றி வளைக்கவில்லை.

"அன்னைக்கு உடைஞ்சிடப் போகுதுன்னு சொன்னீங்களே ஐயா, எதைச் சொன்னீங்க?"

அவர் விழித்தார். "நானா? அன்னைக்கு எனக்குப் பேச்சே வரலயேம்மா. வாயடைச்சு நின்னுட்டேன். அப்படித்தான் ஞாபகம்."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். அவர் பொய் சொல்லவில்லை. அவ்வளவு காலம் அவள் நெஞ்சில் வைத்துப் பொத்திய வார்த்தை, சொன்னவருக்கே நினைவில் இல்லை. திட்டலாம் என்று வந்தவளுக்குத் திட்ட ஆள் இல்லாமல் போயிற்று. கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தாள்.

தன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து கேள்வி வந்தது. "என்ன சொன்னார்?"

அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். வாயில் என்ன வரப்போகிறது என்று அவளுக்கே தெரியாது.

"அவளை மறக்கவே இல்லையாம். அந்தப் பொண்ணு இல்லேன்னா படகு இல்ல, படகு இல்லேன்னா நாடு இல்லன்னு சொன்னார்."

"நான் சொன்னேன்ல?" என்றார் மேஸ்திரி. சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். முதுகு குலுங்கியது. மகளைப் பறிகொடுத்த நாளில்கூட அவர் அழுது அவள் பார்த்ததில்லை. அன்று சமையலறையிலிருந்து பாயை எடுத்து வந்து அவர் அருகில் போட்டாள்.

அதற்குப் பிறகு பார்க்க வந்த ஒருவரையும் அவர் விடவில்லை. இருமலுக்கு நடுவே அந்த வார்த்தையைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். பேராசிரியர் சீக்கிரமே கண்மூடினார், இல்லை என்று சொல்ல ஆள் இல்லை. மேஸ்திரியும் போனார். இரங்கல் கூட்டத்தில் ஓர் அதிகாரி அதையே எடுத்துச் சொன்னார். செய்தித்தாளில் வந்தது. மறுவருஷம் மூன்றாம் வகுப்புப் பாடத்தில் ஏறிவிட்டது: 'படகைக் காக்கத் தன் உயிரைத் தந்த வீரப் பெண்.' பாடத்தில் அவள் பயமே அறியாதவள். பலகையை மார்போடு அணைத்துக்கொண்டு புன்னகையோடு கிடந்தாளாம்.

சல்லடைக்காரி வாய் திறக்கவில்லை. திறந்தால் மேஸ்திரியையும் பொய்யராக்க வேண்டும்.

சுதந்திர நாளுக்கு முன்பு ஓர் ஆசிரியை பத்துப் பன்னிரண்டு சிறுமிகளை அவள் வீட்டுக்கு அழைத்து வந்தார். பிள்ளைகள் கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பாடத்தை ஒரே குரலில் ஒப்பித்தார்கள். சல்லடைக்காரி தலையைக் குனிந்துகொண்டு முழுவதையும் கேட்டாள்.

முன்வரிசையில் இருந்த பல் விழுந்த சிறுமி ஒருத்தி கையைத் தூக்கினாள். "பாட்டி, அந்த அக்காவுக்கு நெஜமாவே பயமே கெடையாதா?"

ஆசிரியை பதிலை எடுத்துக் கொடுப்பதற்காக வாயைத் திறந்தார். அதற்குள் சல்லடைக்காரி அந்தச் சிறுமியை அருகில் இழுத்து, கலைந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டாள்.

"அவளுக்கு இருட்டுன்னா பயம், கண்ணு" என்றாள். "ரொம்பப் பயம்."