பெக்கோக்குக்குக் குடிபோன பவானி அக்கா

இரண்டு வாரங்களுக்கு முன் ஒரு புதன்கிழமை. தொழிற்சாலையில் காலைத் தேநீர் இடைவேளை. கைபேசியில் "பவானி அக்கா" என்று பெயர் வந்தது. வேலை நேரத்தில் அவர் கூப்பிடுவதே இல்லை. "சொல்லுங்கக்கா" என்றேன்.

பேசியது பவானி அக்கா இல்லை. வயதான மலாய்ப் பெண்மணி ஒருவரின் குரல். அக்காவின் பக்கத்து வீட்டு மாக்சிக் ரொகாயா; மாக்சிக் என்றால் மலாயில் அத்தை. அவர் மலாயில் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். பவானி காலையில் கொல்லைப்புறத்தில் விழுந்து கிடந்தாள், ஆம்புலன்ஸ் வந்தது, ஆனால் உயிர் இல்லை, அவள் புருஷனிடம் சொல்லிவிட்டேன், அடுத்து யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை, இந்தப் போனில் உன் பெயர்தான் மேலே இருந்தது. மாரடைப்பு என்று பிறகு மருத்துவமனையில் சொன்னார்கள். பவானி அக்காவுக்கு வயது ஐம்பத்தாறு.

அவரைத் தெரிந்தவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. தெரியாதவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

பத்து பாகாட் நகரில் எங்கள் துணித் தொழிற்சாலையில் பவானி அக்கா இருபத்தெட்டு வருடங்கள் வேலை செய்தார். தைத்து முடிந்த சட்டைகள் கடைசியாக அவர் மேசைக்குத்தான் வரும். கையை உள்ளே விட்டுத் துணியை விரித்து, வெளிச்சத்தில் பிடித்து, தையலைப் பார்ப்பார். குறை கண்டால் திட்டமாட்டார். தைத்தவரைக் கூப்பிட்டு, "இது எப்படி இப்படி ஆச்சு? காட்டு பார்ப்போம்" என்பார். திட்டு வாங்கினால்கூடப் பரவாயில்லை என்று பெண்கள் நெளிவார்கள். ஆனால் அவர் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்பார். நான் மனிதவளப் பிரிவில் இருந்தேன். அவரைவிட மூன்று வயது இளையவள். பகல் சாப்பாடு இருவருக்கும் ஒரே மேசையில்.

அந்த மேசையில்தான் ஒருநாள் சொன்னார், "மாலா, நான் ஐம்பத்திரண்டு வயசுல நின்னுரப் போறேன். பெக்கோக் பக்கம் ஒரு வீடு பார்த்து அங்க போயிடலாம்னு இருக்கேன்."

அப்போது அவருக்கு நாற்பத்தொன்பது வயது. அந்தப் பக்கம் எல்லாம் எஸ்டேட்தான் என்பதால், எல்லோரையும் போல நானும், "பொறந்த எஸ்டேட்டுக்கே திரும்பப் போறீங்களா?" என்று கேட்டேன்.

"நான் எங்க எஸ்டேட்ல பொறந்தேன்? பத்து பாகாட் ஆஸ்பத்திரியில பொறந்தவ. கடைவீட்டு மாடியில வளர்ந்தவ. எனக்கு அந்தப் பக்கம் ஒண்ணுமே தெரியாது. அதனாலதான் போறேன்."

அவர் கணவர் குணா அண்ணன் பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். அவருக்கு இதில் விருப்பமே இல்லை. பிள்ளைகளை யார் ஏற்றுவது, கோயில் வேலை இருக்கிறது, சிநேகிதர்கள் இங்கே இருக்கிறார்கள் என்பார். பவானி அக்கா சண்டை போடவில்லை. மூன்று வருடம் இருக்கிறதே என்று தயாராக ஆரம்பித்தார்.

முதலில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டார். குணா அண்ணன், "நான் ஒருத்தன் டிரைவர் இருக்கேன்ல?" என்று கேட்டாராம். "நீங்க வரமாட்டேங்கறீங்களே" என்றாராம் இவர். மேட்டில் வண்டியை நிறுத்தி எடுக்கும் இடத்தில் இரண்டு முறை பின்னால் உருண்டு, தேர்வில் தோற்றார். இரண்டு முறையும் மறுநாள் வேலைக்கு வந்து, கால் எங்கே தப்பியது என்று மேசைக்கடியில் எங்களுக்குச் செய்து காட்டினார். மூன்றாவது முறை தேறிய அன்று கேன்டீனில் எல்லோருக்கும் அவர் செலவில் தே தாரிக்.

அடுத்தது வீடு. கிராமத்தில் வீடு பார்க்கிறவர்கள் வெயில் காலத்தில் போவார்கள். இவர் டிசம்பரில் அடைமழையில் லீவு போட்டார். குணா அண்ணன்தான் ஓட்டிக்கொண்டு போனார். பெக்கோக்கை நெருங்கும்போது சாலையின் குறுக்கே தண்ணீர். "அலமாக்! திரும்பிடலாம்" என்றிருக்கிறார் அண்ணன். இவர் குடையோடு இறங்கி, வேலியோரம் நின்ற ஒரு அம்மாளிடம் போய், "போன வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது?" என்று மலாயில் கேட்டார். அந்த அம்மாள்தான் மாக்சிக் ரொகாயா. இவர் பார்க்க வந்த, விற்பனைக்கு இருந்த வீட்டின் சுவரில் இடுப்பு உயரத்தில் இருந்த கறையைக் காட்டினார். பிறகு, "இதை வாங்காதே. என் வீட்டுக்குப் பக்கத்து வீடு மேட்டில் இருக்கிறது. அதற்கு ஆள் இல்லை" என்றும் சொன்னார். பவானி அக்கா கடைசியில் வாங்கியது அந்த மேட்டு வீட்டைத்தான்.

பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கேள்விகளை எழுதி வைத்திருந்தார். எனக்கு ஒருமுறை காட்டினார். கரண்ட் போனால் எவ்வளவு நேரம்? பாம்பு வந்தால் யாரைக் கூப்பிட வேண்டும்? ரொட்டி விற்கும் வண்டி எந்தக் கிழமை வரும்? ஒவ்வொன்றுக்கும் எதிரே பதில் இருந்தது. பாம்புக்கு, பொம்பா என்கிற தீயணைப்புப் படையின் எண். கடைசிக் கேள்விக்கு மட்டும் எதிரே ஒன்றும் இல்லை. 'எனக்குப் போரடித்தால்?'

"அதுக்கு யாரைக் கேக்கறதுன்னு தெரியல" என்றார்.

சொன்னபடியே ஐம்பத்திரண்டில் ராஜினாமாக் கடிதத்தை என் மேசையில் வைத்தார். குணா அண்ணன் பத்து பாகாட்டிலேயே தங்கிவிட்டார். "இன்னும் ரெண்டு வருஷம்" என்று சொல்லிக்கொண்டே வார இறுதிக்கு மட்டும் போய் வந்தார். புருஷனை விட்டுவிட்டுப் போய்விட்டாள் என்று ஊரில் பேச்சு வந்தது. அது பவானி அக்காவின் காதுக்கும் போயிற்று. "சிங்கப்பூர்ல வேலை செய்யற ஆம்பளைங்க வாரத்துக்கு ஒருநாள் வீட்டுக்கு வர்றாங்க. அவங்களை யாராச்சும் கேக்கறாங்களா?" என்றார். பேசியவர்களிடம் நான் அதை அப்படியே சொன்னேன். அதற்குப் பிறகு என் முன்னால் யாரும் அதைப் பேசவில்லை.

அடுத்து நடந்ததை எழுதத்தான் வேண்டும். எழுதாவிட்டால் அவரே கோபித்துக்கொள்வார்.

போய் நாலு மாதத்தில், ஒரு வியாழக்கிழமை எனக்குப் போன் செய்தார். குரல் சரியாக இல்லை. "மாலா, என் இடத்துல ஆள் எடுத்துட்டீங்களா?"

"எடுத்தோம்க்கா. ஆனா உங்களை மாதிரி வருமா? ஏன்?"

"என்னால முடியல. மத்தியானம் ஆச்சுன்னா வீடு அப்படியே கிடக்கு. நானும் கிடக்கறேன். யாருக்கும் என்னால ஒண்ணும் ஆகவேண்டியதில்ல. நான் தப்புப் பண்ணிட்டேன் போல."

எனக்கு உள்ளூரச் சந்தோஷம். இப்போது வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அது உண்மை. அன்றே மேலாளரிடம் போய் நின்று பேசி, திங்கட்கிழமை முதல் வரலாம் என்று வாங்கிக் கொடுத்தேன். திங்கட்கிழமை காலை காவலர் அறையருகே நானே போய்க் காத்திருந்தேன். அவர் வரவில்லை. கூப்பிட்டேன். பின்னணியில் ஒரே இரைச்சல்.

"மாலா, நான் சிகாமாட் ஆஸ்பத்திரியில இருக்கேன். மாக்சிக்குக் கண்ணுல புரை, இன்னைக்கு ஆபரேஷன். அவங்க மகன் வரேன்னு சொல்லிட்டுக் கடைசி நேரத்துல வரல. நேத்து சாயந்திரம் வந்து கதவைத் தட்டுறாங்க. கார் வெச்சிருக்கறது அந்த வரிசையில நான்தான் லா."

"அப்ப நாளைக்கு வருவீங்களா?"

"அடுத்த வாரம் திரும்பக் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்காங்க. இன்னொரு கண்ணும் இருக்கே."

எனக்குக் கோபம் தாங்கவில்லை. மேலாளர் முன்னால் நான் பட்ட அவமானம் எனக்குத்தான் தெரியும். போனை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு இரண்டு மாதம் நாங்கள் பேசவில்லை. ஒருநாள் பகல் இடைவேளையில் காவலர் என்னைக் கூப்பிட்டார். வாசலில் பவானி அக்கா, காரில் சாய்ந்து நின்றிருந்தார். பெக்கோக்கிலிருந்து தனியாக ஓட்டி வந்திருக்கிறார்.

"உன்னை அசிங்கப்படுத்திட்டேன், மாலா. போன்ல சொல்ற விஷயம் இல்ல. அதான் வந்தேன். மன்னிச்சிரு."

நான் அழுதேன். அவர் அழவில்லை. "சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

அடுத்த விடுமுறையில் நான் பெக்கோக்குக்குப் போனேன். எதற்காக ஒருவர் நல்ல வேலையை விட்டுவிட்டு இப்படி ஒரு இடத்துக்கு வருகிறார் என்று என் கண்ணால் பார்க்க வேண்டும் போலிருந்தது. பெரிதாக ஒன்றும் இல்லை. சின்ன வீடு, முன்னால் செம்மண் பாதை, கொஞ்சம் தள்ளி எண்ணெய்ப்பனைத் தோட்டம். ஆனால் அந்த வரிசையில் யார் கிளினிக் அட்டையில் எந்தத் தேதி இருக்கிறது என்பது இவருக்கு மனப்பாடம். அவர்களைக் காரில் கூட்டிப் போய் மருத்துவமனையில் காத்திருக்கும் நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களிடம் எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பாராம். நீரிழிவுக்காரர் எப்படி நோன்பு பிடிப்பார் என்பதிலிருந்து, டுரியான் பழம் எந்த நேரத்தில் விழும் என்பதுவரை தெரிந்து வைத்திருந்தார்.

"இப்ப போரடிக்கலையா?" என்று கேட்டேன்.

அவர் யோசித்துப் பார்த்துத்தான் பதில் சொன்னார். "செவ்வாய்க்கிழமை போரடிக்கும். அன்னைக்கு யாருக்கும் கிளினிக் இல்ல. அதுவும் நாள் முழுக்க இல்ல, ரெண்டு மணியிலேர்ந்து நாலு மணி வரைக்கும்தான். முன்னால பயந்துக்கிட்டே இருந்தேன். உட்கார்ந்து பார்த்தா, அது இவ்வளவுதான்."

நாலு வருடங்கள் அப்படி இருந்தார். அதில் எத்தனை நாள் சந்தோஷமாக இருந்தார் என்று எனக்குத் தெரியாது. திரும்பி வருகிறேன் என்று மட்டும் பிறகு சொல்லவே இல்லை.

இறந்த அன்று பிற்பகல் நான் போய்ச் சேர்ந்தபோது வீட்டு முன்னால் கூடாரம் போட்டிருந்தார்கள். பக்கத்துச் சூராவ் தொழுகைக்கூடத்திலிருந்து வந்த நாற்காலிகள். உலு திராமில் இருக்கும் மகள் தேவி அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். குணா அண்ணனின் மூத்த சகோதரர் உரக்கப் பேசிக்கொண்டிருந்தார். "பத்து பாகாட்டுக்குக் கொண்டு போயிடலாம் குணா. சொந்தபந்தம் எல்லாம் அங்கதான். இங்க யாரு இருக்கா?"

குணா அண்ணன் வாசலில் நின்றவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மலாய்க்காரர்கள், சீனர்கள், தோட்டத்திலிருந்து வந்த நம்மவர்கள். ஒரு கிழவர் ஊன்றுகோலோடு வெயிலில் நின்றார். அவர்களில் முக்கால்வாசிப் பேரை அண்ணனுக்குத் தெரியாது.

"அண்ணே, இங்கேயே செஞ்சிரலாம்" என்றார்.

"என்னடா பேசறே? இது உன் ஊரா?"

"என் ஊர் இல்ல. அவ ஊரு."

காரியங்கள் அங்கேயே நடந்தன.

எட்டாம் நாளுக்கு நான் மறுபடியும் போனேன். சடங்கு முடிந்து உறவினர்கள் கலைந்த பிறகு மாக்சிக் ரொகாயா வந்தார். குணா அண்ணன் அவருக்குத் தேநீர் போட எழுந்தார். தண்ணீர் கொதித்துவிட்டது, சர்க்கரையைக் காணோம். ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்த்தார். நான் எழுவதற்குள் மாக்சிக் போய்க் குளிர்பெட்டியைத் திறந்து, கீழ்த்தட்டிலிருந்து சர்க்கரைப் போத்தலை எடுத்து நீட்டினார். இங்கே எறும்புத் தொல்லை, பவானி எப்போதும் உள்ளேதான் வைப்பாள் என்றார்.

அண்ணன் அந்தப் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். குளிர்ந்த கண்ணாடியில் நீர் கோத்து அவர் விரல்களில் வழிந்தது. பிறகு மலாயில் கேட்டார், "மாக்சிக், காலையில் எழுந்ததும் அவள் முதலில் என்ன செய்வாள்?"

மாக்சிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "முதலில் பின்கதவைத் திறப்பாள்" என்று ஆரம்பித்தார். அண்ணன் அடுப்பை அணைத்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தார்.

பவானி அக்கா, நிம்மதியாகப் போய் வாருங்கள். நான் அங்கிருந்து கிளம்பியபோது மாக்சிக் இன்னும் சொல்லி முடிக்கவில்லை. அண்ணனும் கேட்பதை நிறுத்தவில்லை.