கோட்டுக்காரருக்கு ஒரு கோட்டு

டெய்லரம்மாவின் தையலறையில், தரையிலிருந்து கூரை வரை ஒரு மர அலமாரி இருந்தது. அதில் துணி கிடையாது. எல்லாம் காகிதம். வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் முன்பக்கம், பின்பக்கம், கை, கழுத்து என்று பழுப்புக் காகிதத்தில் அளவு வெட்டி, சுருட்டி, நாடா கட்டி, பெயர் எழுதி அடுக்கியிருந்தாள். இருபத்திரண்டு வருடச் சேர்மானம். யாருக்கு இடது தோள் ஒரு விரல் இறக்கம், யாருக்கு முதுகு வளைய ஆரம்பித்திருக்கிறது என்பதெல்லாம் அந்த அலமாரிக்குள் இருந்தது. "போன்ல சொன்னாப் போதும், அவங்க தச்சு வச்சிடுவாங்க" என்று ஊரில் சொல்வார்கள். டெய்லரம்மாவுக்கு அதில் கொஞ்சம் கர்வமே உண்டு.

அலமாரிக்குப் பின்னாலிருந்த சுவரின் மறுபக்கம் குளியலறை. ஒருநாள் அந்தச் சுவரில் தட்டளவுக்கு ஈரம் பூத்தது. ஒரே மாதத்தில் போர்வை அளவுக்கு விரிந்தது. பயந்துபோய், 'ஈரச் சுவருக்கு நிரந்தரத் தீர்வு' என்று வேனில் எழுதிக்கொண்டு திரியும் ஒரு நிறுவனத்தைக் கூப்பிட்டாள். முதலாளியே நேரில் வந்தார். கொளுத்துகிற வெயிலில் சாம்பல் நிறக் கோட்டுப் போட்டிருந்தார். அதனால் அவருக்கு ஊரில் கோட்டுக்காரர் என்றே பெயர். டெய்லரம்மாவின் கண் முதலில் அந்தக் கோட்டின் மேல்தான் போனது. கடையில் வாங்கியது, வயிற்றுப் பக்கம் இரண்டு அங்குலம் பற்றவில்லை, பொத்தான் உயிரைப் பிடித்துக்கொண்டு தொங்கியது.

அவர் ஆட்கள் மூன்று நாள் வேலை செய்தார்கள். அறைக்குள் யாரையும் விடவில்லை. தூசி பறக்குமாம். முடிந்தபோது சுவர் புது மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று நின்றது.

"அலமாரியைத் தாராளமா பழைய இடத்துலயே வைங்கம்மா. ஏழு வருஷத்துக்கு நான் கியாரண்டி" என்றார் கோட்டுக்காரர்.

நான்கு மாதம் கழித்து, ஒரு நர்ஸுக்குக் கல்யாண உடை தைக்க வேண்டி, அலமாரியின் பின்வரிசையில் கையை விட்டாள். காகிதச் சுருள் ஊறிய ரொட்டி மாதிரி கையோடு பிய்ந்து வந்தது. அடுத்ததும் அப்படியே. அலமாரியின் முதுகுப் பலகை கறுத்து, பூஞ்சை படர்ந்து, முகத்தில் அடித்தது நாற்றம். அறுநூறு சுருள்களில் நாற்பதுதான் தேறின. போனவற்றில் செத்துப்போன அவளுடைய அக்காவின் அளவும் ஒன்று. அக்கா போய் ஒன்பது வருடம். அந்தக் காகிதத்தை மேசையில் விரித்தால் அக்கா படுத்திருப்பதுபோல இருக்கும். அதையும் கூழாக அள்ளி வாளியில்தான் போட வேண்டியிருந்தது.

போன் செய்தாள். "ஆள் அனுப்புறோம்" என்றார்கள். வரவில்லை. மறுபடி செய்தாள். அதே பதில். மூன்றாம் முறை கோட்டுக்காரரே எடுத்தார்.

"ரூமுக்குள்ள இஸ்திரி போடுறீங்கல்ல? அந்த ஆவிதாம்மா ஈரம். சும்மா சுவர் மேல பழியைப் போடாதீங்க. தையல் உங்க வேலை, சுவர் எங்க வேலை. அவங்கவங்க வேலையை அவங்கவங்க பார்ப்போம், என்ன?"

பின்னால் யாரோ சிரிப்பதும் கேட்டது. டெய்லரம்மா போனை வைத்தாள்.

"விட்டுத் தொலை. வேற ஆளை வச்சு சரி பண்ணிக்கலாம்" என்றார் கணவர். அவர் பஸ் ஓட்டுநர். ரோட்டில் யார் குறுக்கே வந்தாலும் வழிவிட்டே பழகியவர்.

"வேற ஆளை வைக்கிறேன். ஆனா இவனை விட மாட்டேன்."

"என்ன பண்ணப் போறே?"

"தெரியல. விட மாட்டேன், அவ்வளவுதான்."

கல்யாண நர்ஸ்தான் காதுக்காரரைப் பற்றிச் சொன்னாள். சுவருக்குள் குழாய் எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்கிறவர். ஒரு இரும்புக் கம்பியைச் சுவரில் ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பாராம். அதனால் வந்த பெயர். மெலிந்த மனிதர், வந்ததும் வராததுமாகச் செருப்பை வெளியே விட்டுவிட்டு, பேச்சே இல்லாமல் சுவர் முழுக்கக் கம்பியை நகர்த்திக்கொண்டே போனார். ஓரிடத்தில் நின்றார்.

"இங்க வந்து கேளுங்க."

டெய்லரம்மா காதை வைத்தாள். யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சு விடுவதுபோல, விடாமல் ஒரு 'ஸ்ஸ்' சத்தம்.

பிறகு அவர் தீப்பெட்டி அளவுள்ள ஒரு கருவியை எடுத்தார். அதன் நுனியில் இரண்டு சிறு முட்கள். ஈரத்தை எண்ணாகக் காட்டும் கருவி அது. புதுப் பெயிண்டின்மேல் மெதுவாக வைத்தார். அவர் நெற்றி சுருங்கியது.

"காஞ்ச சுவர்னு காட்டுது. ஆனா உள்ள தண்ணி ஓடுது. ரெண்டுல ஒண்ணு பொய் சொல்லுது."

கத்தியால் ஒரு ஓரத்தைச் சுரண்டினார். பெயிண்ட் தோல் மாதிரி உரிந்தது. அடியில் பூச்சு இல்லை, பிளாஸ்டிக் தாள்! ஈரச் சுவரின் மேல் தாளைப் பசை போட்டு ஒட்டி, மேலே மெல்லிய பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். வெளியே வர வழியில்லாத தண்ணீர் உள்ளுக்குள்ளேயே கீழிறங்கி, அலமாரி நின்ற இடத்தில் பக்கவாட்டில் வழிந்திருக்கிறது.

"குழாய் திரும்புற முடுக்குல ஊசி முனை ஓட்டை. அதை அவங்க தொடவே இல்லை" என்ற காதுக்காரர், தாளைக் கிழிக்கப் போனார்.

"கிழிக்காதீங்க. முழுசா எடுங்க. எனக்கு அது வேணும்."

அந்தத் தாளை அலசிக் கொடியில் காயப் போட்டாள். பூஞ்சைக் கறையை மட்டும் தேய்க்கவில்லை.

குழாயைக் காதுக்காரர் அன்றே அடைத்துக் கொடுத்தார். பழுதான சுவரை அப்படியே விட்டுவைக்கச் சொன்னாள் டெய்லரம்மா. அதன் பிறகு அளவெடுக்க வந்த ஒவ்வொரு பெண்ணிடமும், மார்பைச் சுற்றி நாடாவைப் போட்டபடியே கேட்டாள்: "வீட்ல சுவர் வேலை ஏதாவது பார்த்தீங்களா? யாரு வந்து செஞ்சா?" அளவு நாடாவுக்குள் நிற்கிறவர்கள் பொய் சொல்வதில்லை. ஆறு வாரத்தில் பத்து வீடுகள் கிடைத்தன. ஒவ்வொரு வீட்டுக்கும் காதுக்காரரைக் கூட்டிக்கொண்டு போனாள்.

"உங்களுக்கு எதுக்குங்க இந்த அலைச்சல்? கேட்டா வந்துடுறீங்களே" என்று அவரிடம் ஒருநாள் கேட்டாள்.

"எனக்கும்தான் வயித்தெரிச்சல். இந்த மாதிரி ஆளுங்களால, நான் உண்மையைச் சொன்னாலும் ஜனங்க நம்ப மாட்டேங்கறாங்க."

பத்து வீட்டிலும் பெயிண்டுக்கு அடியில் பிளாஸ்டிக். ஒரு ரிடையரான வாத்தியார் அந்தச் சுவரை ஒட்டித்தான் கட்டில் போட்டிருந்தார். தாளை உரித்ததும் கரும்பச்சையாகப் பூஞ்சை தெரிந்தது. வாத்தியார் இருமியபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு வருஷமா வயசாயிடுச்சுன்னு நெனச்சு என் நெஞ்சைத்தாம்மா திட்டிக்கிட்டிருந்தேன்" என்றார்.

அன்று வீட்டுக்கு வந்த டெய்லரம்மா, பதினொரு தாள்களையும் மேசையில் பரப்பினாள். ஒன்றில் ரோஸ் பெயிண்ட், ஒன்றில் நீலம், ஒன்றில் தயிர் நிறம். கத்தரியை எடுத்தாள். கோட்டுக்காரரின் அளவை எடுக்க நாடா தேவைப்படவில்லை, ஒருமுறை பார்த்ததே போதும். கடைக் கோட்டில் பற்றாத அந்த இரண்டு அங்குலத்தையும் சேர்த்தே வெட்டினாள். பிளாஸ்டிக்கில் ஊசி நெருங்கி விழுந்தால் கிழியும். அதனால் நீளத் தையல் போட்டு, உள்ளே நாடா கொடுத்தாள். காலர், மடிப்பு, பை, பொத்தான் காஜா என்று ஒன்றிலும் குறை வைக்கவில்லை. அந்த இரண்டு வாரமும் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே தைத்தாள். கணவர்தான் பயந்துபோனார்.

"இப்படிச் சந்தோஷமா உன்னைப் பார்த்து ரொம்ப நாளாச்சு. ஆனா யாருக்கு என்ன ஆகப் போகுதோ?"

"உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. சாப்பிடுங்க."

கோட்டுக்காரர் புதிதாக ஒரு ஷோரூம் திறந்தார். சனிக்கிழமை காலை, கண்ணாடிக் கதவு, வரிசையாக நாற்காலிகள், வீடு கட்டுகிறவர்களும் வாங்குகிறவர்களுமாக நல்ல கூட்டம். டெய்லரம்மா உள்ளே போனாள். பின்னாலேயே பத்து வீட்டுக்காரர்களும் நல்ல உடையில் போனார்கள். டெய்லரம்மாவின் கையில் பெரிய அட்டைப் பெட்டி.

"சார், நான் டெய்லர். இன்னைக்கு உங்களுக்குன்னே ஒரு கோட்டுத் தச்சுக் கொண்டாந்திருக்கேன். போட்டுப் பாருங்க."

கூட்டத்தின் முன்னால் அவருக்கு முகமெல்லாம் பல். அவளை நினைவிருந்ததாகவே தெரியவில்லை. பழைய கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, திரும்பி நின்று கையை நீட்டினார். அவள் பின்னாலிருந்து மாட்டிவிட்டாள். ஒரு கை போய், இன்னொரு கையும் போன பிறகுதான் அது சரசரவென்றது. வாடை மேலே ஏறியது.

"என்ன... என்ன துணி இது?"

"துணி இல்ல சார். முதுகு என் வீட்டுச் சுவர்ல இருந்து எடுத்தது."

"வலது கை என் வீடு" என்றார் வாத்தியார், இருமிக்கொண்டே.

"காலர் எங்க வீடு." "அந்தப் பை எங்க சமையலறை." "இடது பக்கம் எங்க குழந்தைங்க படுக்கிற ரூம்."

கோட்டுக்காரர் கழற்றப் பார்த்தார். வியர்வையில் பிளாஸ்டிக் சட்டையோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. "யாருங்க உள்ள விட்டது? அசிங்கமா வந்து... இதெல்லாம் உங்களுக்கு எதுக்கும்மா?"

"தையல் என் வேலை சார். என் வேலையைத்தான் பார்த்திருக்கேன். அளவு சரியா இருக்கா?"

முன்வரிசையில் ஒரு தம்பதி சத்தமில்லாமல் எழுந்து வெளியே போனார்கள். பின்னாலேயே இன்னும் சிலர். அன்றைய சாயங்காலத்துக்குள் ஊரில் அந்தக் கதை தெரியாதவர்களே இல்லை.

இரண்டு நாள் கழித்து கோட்டுக்காரர் அவள் வாசலில் வந்து நின்றார். வெறும் சட்டையில். நஷ்ட ஈடு தருகிறேன், வழக்கு வேண்டாம் என்றார். பதினொரு பேரும் கூடிப் பேசினார்கள். டெய்லரம்மா சொன்னதுதான் முடிவானது: பணம் வேண்டாம். பதினொரு சுவரையும் அவர் தன் கையாலேயே செங்கல் தெரிய உரித்து, காயவைத்து, பூச வேண்டும். ஒவ்வொரு சுவருக்கும் காதுக்காரர் சரியென்று கையெழுத்துப் போட வேண்டும். எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

முதல் வேலை அவள் வீட்டில்தான். அவர் உளியும் சுத்தியலுமாகப் பூச்சை உடைத்தார். அவள் மூன்றடி தள்ளி உட்கார்ந்து மெஷினை மிதித்தாள். ஈரம் உறிஞ்சும் இயந்திரம் நாள் முழுக்க உறுமியது. தினமும் காலையில் அந்த முள்கருவியைச் செங்கல்லில் வைத்து அவர் எண்ணைப் படிக்க வேண்டும்.

"முப்பத்தெட்டு."

"கேக்கல."

"முப்பத்தெட்டு!"

அவள் பென்சிலால் சுவரிலேயே எழுதுவாள். அடுத்த நாள் முப்பத்தேழு. அதற்கடுத்த நாளும் முப்பத்தேழு. அவள் பார்க்கவில்லை என்று நினைத்து, கணவர் கோட்டுக்காரருக்குத் தண்ணீர் கொடுத்தார். அவள் பார்த்தாள், மெஷினை மிதித்துக்கொண்டே இருந்தாள்.

மூன்றாவது வாரத்தில் ஒருநாள், சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு அவர் சொன்னார்: "எனக்கும் ரெண்டு பொண்ணுங்க இருக்காங்கம்மா. அவங்களை ஸ்கூல்ல எல்லாரும் பிளாஸ்டிக்காரன் பொண்ணுங்கன்னு கூப்பிடுறாங்க. போதும்மா."

மெஷின் நின்றது.

"அந்த அலமாரியில எங்க அக்காவோட அளவு இருந்துச்சு. உங்களால திருப்பித் தர முடியுமா?"

அவர் குனிந்து சுத்தியலை எடுத்தார்.

"அப்போ நம்பரைப் படிங்க."

அந்தச் சுவர் காய ஐந்து வாரம் ஆனது. பதினொன்றும் முடிய ஒன்பது மாதம். கடைசி வீட்டில் காதுக்காரர் கையெழுத்துப் போட்ட மறுவாரம் ஷோரூமில் பூட்டுத் தொங்கியது. வாத்தியாருக்கு இருமல் குறைந்தது, முழுக்கப் போகவில்லை. டெய்லரம்மா பழைய வாடிக்கையாளர்களை ஒவ்வொருவராக வரவழைத்துப் புதிதாக அளவெடுத்தாள். வாயில் குண்டூசிகளைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொருவரிடமும் நடந்ததை முதலிலிருந்து சொன்னாள். ஏற்கெனவே கேட்டவர்களிடமும் சொன்னாள்.

"அதான் முடிஞ்சு போச்சே. அவனை இனி மறந்துடேன்" என்றார் கணவர்.

வேறொரு ஊரில் வேறு பெயரில் கோட்டுக்காரரின் வேன் ஓடுகிறது என்று அன்று காலைதான் காதுக்காரர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். டெய்லரம்மா நர்ஸ் மூலமாக அந்த ஊர்த் தையல்காரி ஒருத்தியின் நம்பரை வாங்கி, மதியமே கூப்பிட்டாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஐயோ அக்கா, இங்க ஏற்கெனவே நாலு வீட்ல வேலை பேசி வச்சிருக்கானே!" என்றது மறுமுனை.

டெய்லரம்மா வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்து மேசைமேல் வைத்தாள். பென்சிலைத் தேடி எடுத்தாள்.

"அட்ரஸ் சொல்லும்மா. மெதுவா சொல்லு, எழுதிக்கிறேன்."