எங்கள் சந்தில் அடுப்பு மூட்டாத தேர்தல்

காந்தாரி மிளகாயையும் சின்ன வெங்காயத்தையும் கல்லுப்போடு சேர்த்து அம்மியில் நசுக்கி, அதன்மேல் பச்சைத் தேங்காய் எண்ணெயை ஊற்றும்போது எழும் வாசம் மூக்கில் ஏறிக் கண்ணில் நீரை வரவழைத்துவிடும். என் சிறுவயதில் தேர்தல் நாள் என்றாலே அந்த வாசம்தான். விடிந்தும் விடியாமலும் அது எங்கள் வீட்டுச் சன்னல் வழியே புகுந்து எங்களை எழுப்பும். பாயில் படுத்தபடியே, 'ஓ, இன்றைக்கு வோட்டு' என்று நினைத்துக்கொள்வேன்.

மட்டாஞ்சேரியில், கடைவீதியிலிருந்து உள்ளே ஒடிந்து திரும்பும் ஒரு குறுகலான சந்தில் எங்கள் வீடு இருந்தது. அப்பாவின் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மிளகுக் கிட்டங்கி ஒன்றில் வேலைக்கு வந்தவர். அப்பாவும் அதே கிட்டங்கியில்தான் வேலை பார்த்தார். நான் பிறந்தது, பள்ளிக்கூடம் போனது எல்லாம் அங்கேயே. மலையாளத்தில்தான் எழுதப் படிக்கத் தெரியும்; தமிழை அம்மா வாங்கும் வாரப் பத்திரிகைகளில் எழுத்துக் கூட்டிக் கூட்டிப் பிற்பாடு பிடித்துக்கொண்டேன். அடுத்த வீட்டில் சுகராத்தா இருந்தார். அம்மாவுக்கும் அவருக்கும் ஒரே வயது. அம்மா கல்யாணமாகி அந்தச் சந்துக்கு வந்த நாளில், மொழி தெரியாமல் விழித்த புதுப்பெண்ணுக்குக் கடைக்குப் போகவும் மீன் பேரம் பேசவும் கற்றுக்கொடுத்தது அவர்தானாம். பதிலுக்கு அவர் அம்மாவிடமிருந்து தமிழைக் கற்றுக்கொண்டார். இருவரும் பேசிக்கொள்வது இரண்டு மொழியிலும் சேராத, இருவருக்கும் மட்டுமே பொதுவான ஒரு மொழியாக இருக்கும்.

தேர்தல் நாள் சமையல் அவர்கள் இருவரும் சேர்ந்து தொடங்கியதுதான். வாக்குச்சாவடி சந்து முனையில் இருந்த பள்ளிக்கூடத்தில் நடக்கும். பள்ளிக்கூடத்துக்குச் சற்றுத் தள்ளி இரண்டு கட்சிக்காரர்களும் எதிரெதிரே மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். கடைகள் அடைத்திருக்கும். காலையிலிருந்து வெயிலில் காயும் அவர்களுக்குக் பாலில்லாத கட்டன் சாயா கொடுக்கப்போய், அது அவித்த மரவள்ளிக் கப்பையாகி, கப்பைக்குத் தொட்டுக்கொள்ள அந்தக் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தியாகி, பிறகு சந்து முழுவதுக்குமான சாப்பாடாகிவிட்டது. எங்கள் வீட்டுக்கும் சுகராத்தா வீட்டுக்கும் நடுவே இருந்த பூவரச மரத்தடியில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டுவார்கள். காலையில் கப்பை வெந்து இறங்கும். மதியத்துக்குக் கஞ்சியும் சிறுபயறும், சுகராத்தாவின் குடம்புளி போட்ட மத்திக் குழம்பு, அம்மாவின் புளியோதரை. தமிழர்களுக்கு அங்கே 'பாண்டி' என்று பெயர்; புளியோதரையைச் சந்தில் எல்லாரும் 'பாண்டிச்சோறு' என்பார்கள். அம்மா அதைக் கேட்டுச் சிரிப்பாள். அந்த வார்த்தையில் அப்போது ஒரு முள்ளும் இருக்கவில்லை.

அந்தச் சாப்பாட்டுக்கு ஒரே நிபந்தனைதான். வோட்டுப் போட்டுவிட்டு வர வேண்டும். "விரல் காணிக்கு" என்று சுகராத்தா கரண்டியை உயர்த்திக்கொண்டு அதட்டுவார்; மை இருந்தால்தான் இலை. குழந்தைகள் அழுவோம் என்று எங்கள் நகத்தில் கண்மையால் ஒரு கோடு இழுத்துவிடுவார். தனியாக வாழ்ந்த பிரபு மாமா, எங்கள் சந்தின் கடைசி வீட்டுக்காரர், கொங்கணி பேசுகிறவர், எப்போதும் முதல் ஆளாக வோட்டுப் போட்டுவிட்டு விரலைத் தூக்கிப் பிடித்தபடியே நடந்து வந்து மரத்தடிப் பெஞ்சில் உட்காருவார். இரண்டு மேசைக்காரர்களும் முறைவைத்து எழுந்து வந்து அதே பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எந்தக் கட்சிக்காரனுக்குச் சோறு போடுகிறாய் என்று யாரோ ஒருமுறை அம்மாவைக் கிண்டல் செய்தபோது, "மேசையில உக்காந்திருக்கவனுக்கும் வயிறு இருக்குல்லா, அவன் எந்தக் கட்சியானா எனக்கென்ன" என்றாள்.

நான் ஏழாம் வகுப்பில் இருந்தபோது கோர்ப்பரேஷன் தேர்தல் வந்தது. எங்கள் வார்டு அந்த முறை பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அதுவரை மேசை போட்டு உட்கார்ந்த ஆண்களெல்லாம் நிற்பதற்குப் பெண் தேடி அலைந்தார்கள். சந்தில் எல்லா வீட்டுக்காரர்களுக்கும் முகம் தெரிந்த பெண், கேட்டால் 'இல்லை' என்று யாரும் சொல்ல முடியாத பெண் யார்? ஒரு கூட்டம் எங்கள் வீட்டுக்கு வந்தது. இன்னொரு கூட்டம் சுகராத்தா வீட்டுக்குப் போனது.

அம்மா முதலில் முடியாது என்றுதான் சொன்னாள். ஆனால் எங்கள் சந்தில் குடிதண்ணீர் பெரிய பாடாக இருந்தது. கோயில் பக்கத்துக் குழாய்க்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய் வரிசையில் நிற்க வேண்டும். பல நாள் அதிலும் காற்றுதான் வரும். ஜெயித்தால் சந்துக்குள் குழாய் வரும் என்ற ஆசையை அவர்கள் அம்மாவின் மனத்தில் போட்டுவிட்டார்கள். சுகராத்தாவுக்கும் அதே ஆசையைத்தான் காட்டியிருக்கிறார்கள். அன்று மாலை இருவரும் பூவரச மரத்தடியில் நின்று இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது எனக்கு நினைவிருக்கிறது.

"நீ நிக்கு பாக்கியம். நான் ஒனக்கு வோட்டுச் செய்யாம்," என்றார் சுகராத்தா.

"போடி. நீ நில்லு, நான் ஒனக்குப் போடுதேன்."

"ஆரு ஜெயிச்சாலும் வெள்ளம் வந்தா மதி."

அங்கே குடிதண்ணீருக்கு 'வெள்ளம்' என்றுதான் பெயர். யார் ஜெயித்தாலும் தண்ணீர் வந்தால் போதும் என்று சொல்லித்தான் அவர்கள் இருவரும் நின்றார்கள். அம்மாவுக்குக் குடைச் சின்னம். சுகராத்தாவுக்குக் கால்பந்து. முதல் சில நாட்கள் இருவரும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் நோட்டீஸ் கொடுத்து, வாங்கி, விளையாட்டாகக் கும்பிட்டுக்கொண்டார்கள்.

பிறகு ஜீப்பும் மைக்கும் வந்தன. ஒரு சாயங்காலம் சுகராத்தாவை ஏற்றிக்கொண்டு வந்த ஜீப் எங்கள் வீட்டு முன்னால் வேகம் குறைந்தது. மைக்கைப் பிடித்திருந்தவன், வெளியூரிலிருந்து பிழைக்க வந்த பாண்டிகளுக்கு நம் வார்டை எழுதிக் கொடுக்கலாமா என்று கேட்டான். அம்மா அப்போது வாசலில்தான் நின்றிருந்தாள். சுகராத்தா அவன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். தலையைக் குனிந்துகொண்டார். ஒன்றும் சொல்லவில்லை. ஜீப் போய்விட்டது. அம்மா உள்ளே வந்து வெகுநேரம் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பொறுக்கின அரிசியையே மறுபடி மறுபடி பொறுக்கினாள்.

அடுத்த வாரம் மார்க்கெட்டுச் சுவரில், கல்யாணம் நின்றுபோன சுகராத்தாவின் மகளைப் பற்றி அசிங்கமாக யாரோ எழுதியிருந்தார்கள். எழுதியது அம்மாவுடைய ஆட்கள்தான். அப்பா, "ஆளை விட்டு அழிக்கச் சொல்லு" என்றார். அம்மா, "அன்னைக்கு ஜீப்புல அவ வாயைத் தொறந்தாளா?" என்று மட்டும் கேட்டாள். எழுத்து அப்படியே இருந்தது. மழை வந்துதான் அது கரைந்தது.

தேர்தல் அன்று அந்த வாசம் இல்லாமல் நானாகவே விழித்துக்கொண்டேன். மரத்தடியில் அடுப்புக் கல் கூட இல்லை. வேட்பாளர் வீட்டிலிருந்து வோட்டுப் போடுகிறவர்களுக்கு ஒரு வாய் சோறு கொடுத்தாலும் குற்றம், எதிர்க்கட்சி புகார் கொடுத்தால் ஜெயித்தும் செல்லாது என்று இரு பக்கத்து ஆட்களும் முதல் நாளே எச்சரித்துவிட்டுப் போயிருந்தார்கள். சட்டப்படி அவர்கள் சொன்னது சரிதான். ஆனால் சட்டம் இல்லாவிட்டாலும் அன்று அடுப்பு மூட்டியிருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். மேசைக்காரர்களுக்கு எங்கிருந்தோ பொட்டலம் வந்தது. முதுகைக் காட்டிக்கொண்டு அவரவர் மேசையிலேயே தின்றார்கள்.

பிரபு மாமா வழக்கம்போல முதல் ஆளாக வோட்டுப் போட்டுவிட்டு வந்தார். விரல் மேலே இருந்தது. பெஞ்சருகே வந்தவர் எங்கள் வாசலைப் பார்த்தார், பிறகு சுகராத்தாவின் வாசலைப் பார்த்தார். அங்கே உட்கார்ந்தால் யார் பக்கத்து ஆளாகிவிடுவோம் என்று யோசித்தாரோ என்னவோ, கையை மெல்ல இறக்கிக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்று அவர் என்ன சாப்பிட்டாரோ தெரியாது.

சுகராத்தா ஜெயித்தார். வித்தியாசம் மிகக் கொஞ்சம். தமிழ் வீடுகளிலேயே சிலர் குடைக்குப் போடவில்லை என்று தெரிந்தபோது அம்மா அதை நம்ப மறுத்தாள். நம்பிய பிறகு பேச மறுத்தாள். முடிவு வந்த அன்று மாலை வெடிச்சத்தமெல்லாம் ஓய்ந்தபின் எங்கள் கதவு தட்டப்பட்டது.

"பாக்கியம்... வாதில் தொறக்கு."

அம்மா எழுந்து கதவருகே போனாள். நான் அவள் பின்னால் நின்றேன். தாழ்ப்பாளின் மேல் கை வைத்தாள். திறக்கப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். கை அங்கேயே இருந்தது. "ஒரு பிராவசியம் தொறக்கு, பாக்கியம்," என்று, ஒரே ஒரு தடவைக்காகக் கெஞ்சும் குரல் வெளியே இன்னும் தாழ்ந்து கேட்டது. அம்மா நெற்றியைக் கதவில் சாய்த்துக்கொண்டாள், தோள் குலுங்கியது. கொஞ்சம் பொறுத்துச் செருப்புச் சத்தம் நகர்ந்து போனது.

சுகராத்தா தன் வாக்கைக் காப்பாற்றினார். அலைந்து திரிந்து, மனுக் கொடுத்து, சந்துக்குள் குழாய் கொண்டு வந்தார். அதை எங்கள் வீட்டு வாசலுக்கு நேராகவே போடச் செய்தார். சந்தே கூடிநின்று தண்ணீர் பிடித்த அன்று அம்மா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தக் கூட்டத்துக்கு நடுவாகவே கோயில் குழாய்க்கு நடந்து போனாள். பிறகும் அப்படித்தான். அப்பா மட்டும் அம்மா இல்லாத நேரம் பார்த்து வாசல் குழாயில் பிடித்து அண்டாவில் ஊற்றி வைப்பார். அம்மாவுக்கு அது தெரியும். ஆனால் கேட்டதில்லை.

அடுத்த தேர்தலில் எங்கள் வார்டு பொதுவாகிவிட்டது. ஆண்கள் மறுபடி நின்றார்கள். குடைக்காரர்களும் வரவில்லை, கால்பந்துக்காரர்களும் வரவில்லை. இரண்டு பெண்களையும் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்க யாருக்கும் தோன்றவில்லை. அந்த முறை மற்றப் பெண்கள் யாராவது அடுப்பு மூட்டியிருக்கலாம்தான். மூட்டவில்லை. அவர்கள் இருவரையும் வைத்துக்கொண்டு வேறொருத்தி கரண்டி பிடிப்பது சரியல்ல என்று நினைத்திருக்கலாம். சுகராத்தாவின் மகன் ஆலுவாவில் வீடு கட்டிக் குடும்பத்தோடு அங்கே போனான். சாமான் வண்டி கிளம்பிய அன்று அம்மா சன்னலுக்குப் பின்னால், வெளியே தெரியாதபடி நின்றிருந்தாள். சுகராத்தாவும் எங்கள் சன்னலைப் பார்த்துக்கொண்டேதான் ஏறினார். அந்தச் சன்னல் திறக்கவில்லை.

அம்மா இறந்தபோது நான் கல்யாணமாகி, நகரத்தின் மறுகோடியில் காக்கநாட்டில் இருந்தேன். யார் சொல்லிவிட்டார்கள் என்று தெரியவில்லை. சுகராத்தா ஆலுவாவிலிருந்து மகன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். முழங்கால் வளைந்து, ஆள் பாதியாகியிருந்தார். அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அழவில்லை. எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்தபின், பக்கத்து வீட்டு அடுக்களைக்குப் போய்த் தன் கையாலேயே கஞ்சி வைத்துக் கொண்டுவந்து எனக்கும் அப்பாவுக்கும் முன்னால் வைத்தார். அப்பா குடித்தார். எனக்கு இறங்கவில்லை.

"குடி மோளே," என்று என் முதுகைத் தடவினார். பிறகு, கேட்காமலே சொன்னார்: "அன்னைக்கு நான் வாதில்ல முட்டினப்போ அவ தொறக்கல்லன்னு சந்தெல்லாம் சொல்லிச்சு. அவ அந்தப் பக்கம் நின்னு அழுது கரயற சத்தம் எனக்குக் கேட்டு மோளே. இன்னொரு பிராவசியம் முட்டியிருந்தா தொறந்திருப்பா. எனக்கு நாணமாயிருந்து. ஜீப்புல நின்ன எனக்கு எந்த முகத்தை வச்சு முட்ட? அதான் போயிட்டேன்."

அன்று கதவுக்கு இந்தப் பக்கம் நின்ற என்னால் அவருக்குச் சொல்ல முடிந்தது, அம்மாவின் கை தாழ்ப்பாளின் மேல்தான் இருந்தது என்பதை. சொன்னேன். அப்போதுதான் சுகராத்தா அழுதார். தலையில் போட்டிருந்த தட்டத்துணியின் முனையை வாயில் அடைத்துக்கொண்டு, தொண்டையிலிருந்து சத்தம் வராமல், வெகுநேரம் அழுதார். சில வருடங்களில் அவரும் போய்ச் சேர்ந்தார். ஆலுவாவுக்குப் போய்வந்தேன்.

அப்பாவும் இப்போது இல்லை. எங்கள் வீட்டை விற்றாயிற்று. வாங்கியவர் அதற்கு நீலச் சாயம் அடித்து வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் விடுதியாக்கியிருக்கிறார். சுகராத்தாவின் வீட்டில் காப்பிக்கடை. பூவரச மரம் இருந்த இடத்தில் ஸ்கூட்டர்கள் நிற்கின்றன. ஆனால் என் வோட்டு மட்டும் இன்னும் மட்டாஞ்சேரியில்தான் இருக்கிறது. மாற்றிக்கொள்ளச் சொல்லிக் கணவர் ஒவ்வொரு முறையும் சொல்கிறார். பார்க்கலாம் என்று தட்டிக்கழிக்கிறேன். தேர்தலுக்குத் தேர்தல் இரண்டு பஸ் மாறி அங்கே போகிறேன்.

போன முறையும் போனேன். பள்ளிக்கூடம் அப்படியே இருக்கிறது. மேசைகளில் இருந்தவர்கள் ஒருவரையும் எனக்குத் தெரியவில்லை. இரு பக்கமும் பிரியாணிப் பொட்டலங்கள் அட்டைப் பெட்டியில் வந்து இறங்கின. அவரவர் ஆட்கள் எடுத்துக்கொண்டு அவரவர் போனைப் பார்த்தபடி சாப்பிட்டார்கள். என்னைப் போலவே காக்கநாட்டிலிருந்தும் ஆலுவாவிலிருந்தும் வந்திறங்கிய பழைய சந்துக்காரர்கள் சிலர் வோட்டுப் போட்டுவிட்டு, தலையசைத்துவிட்டு, வண்டி பிடிக்க விரைந்தார்கள். நல்ல வெயில். நாக்கு வறண்டிருந்தது. ஒரு வாய் தண்ணீர் கேட்கலாம் என்று சந்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்தேன். கேட்கக்கூடிய வாசல் ஒன்றும் இல்லை.

சுகராத்தாவின் வீடாக இருந்த காப்பிக்கடையில் நுழைந்து ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கினேன். கல்லாவில் இருந்த இளைஞன் மரியாதையானவன். பாட்டிலை நீட்டிக்கொண்டே, "சேச்சி எவிடுன்னா?" என்று, எந்த ஊரிலிருந்து வருகிறேன் எனக் கேட்டான்.

வெளியே, ஸ்கூட்டர்களுக்கு அப்பால், எங்கள் வீடாக இருந்ததன் நீலச் சுவரைப் பார்த்தேன்.

"காக்கநாடு," என்றேன்.