இறக்கத்தைச் சேர்க்காத தபால்காரர்

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து கோணலாக வரும், மறதியும் உண்டு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதுளை கிளினிக்கில் என் பக்கத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். நமுனுகுல மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் தபால்காரராக இருந்தவராம். மெலிந்த உடம்பு, காக்கித் தொப்பி. எழும்பும்போதெல்லாம், மலையேறப் போகிறவர்போல் கால்சட்டையை மடித்துவிடுவார்.

முழங்கால் வலிக்கு வந்திருந்தார். திருவிழாவுக்கு மலைக்கோயில் ஏற விடுவார்களா என்பதுதான் அவர் கவலை.

"முந்தி நல்லா நடந்து பழகியிருந்தா ஏறலாம். ஒரு நாளைக்கு எவ்வளவு நடந்தீங்க ஐயா?" என்று விவரம் எழுத வந்த நர்ஸ் மிஸ்ஸி கேட்டார்.

"தபால் கந்தோர்ல இருந்து தோட்டத்துக்கு மூணு மைலுங்க மிஸ்ஸி."

"கந்தோருக்குப் போனதைச் சேர்க்கலையா?"

"அது எறக்கமுங்க. காலு தானா போகும். அதப் போயி நடைன்னு சொன்னா பொய்யாயிரும்."

யாரிடமும் பேசாத நான் வாய் திறந்துவிட்டேன். "எறங்குறதும் நடைதானுங்க மிஸ்ஸி. ஆறுன்னு எழுதுங்க."

மிஸ்ஸி சிரித்துக்கொண்டே எழுதினார். "சரி, மெதுவா ஏறுங்க ஐயா."

அவர் முகமெல்லாம் சிரிப்பாகக் கால்சட்டையை மடித்தார். போகும்போது என் பக்கம் குனிந்து, "இருந்தாலும் மூணுதான் அக்கா நெசம்" என்றார்.

இப்போது படி இறங்கும்போதெல்லாம் அவர் நினைவு வந்து சிரிக்கிறேன். அவர் சொன்னது மூன்று மைலா, நான்கா என்று எனக்குச் சந்தேகம். அந்த வழி தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்துங்கள், இறக்கத்தையும் சேர்த்து.